இரண்டு ராமானுஜன் படங்கள்: யாருக்கு என்ன வயது?

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் போன மாதம் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, கணிதமேதை ராமானுஜனைப் பத்தி ரெண்டு படம் இருக்காமே, எதைப் பார்க்கட்டும்?" சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. இரண்டையும் மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பார்த்துவிட்டேன். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

ஒன்று, 2014-இல் ஞான ராஜசேகரன் இயக்கிய 'ராமானுஜன்'. ஏற்கெனவே 'பாரதி', 'பெரியார்' படங்களை எடுத்தவர் அவர். இன்னொன்று, அதற்கு அடுத்த வருடம் டொரான்டோ திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்ட 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி'. இயக்கியவர் மேத்யூ பிரவுன். ராபர்ட் கனிகல் 1991-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றை வைத்து எடுத்தது. தமிழில் ராமானுஜனாக நடித்தவர் அபிநய். ஜெமினி கணேசன், சாவித்திரியின் பேரன். ஆங்கிலத்தில் தேவ் படேல்.

முதலில் முகத்தைப் பார்ப்போம். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ், ராமானுஜனை முதன்முதலில் பார்த்ததைப் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். குள்ளமான, பருத்த உருவம், சவரம் செய்யாத முகம், அவ்வளவு சுத்தம் என்று சொல்ல முடியாத தோற்றம், கக்கத்தில் ஒரு கிழிந்த நோட்டு, மின்னும் கண்கள். தேவ் படேலோ நெடுநெடுவென்று வளர்ந்த ஒல்லியான மனிதர். தொடக்கத்தில் எனக்கு இது உறுத்தியது. ஆனால் கண் விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. உருவப் பொருத்தத்தில் அபிநய் பல படி மேல். பாஸ்போர்ட்டுக்காக எடுத்த அந்தப் பிரபலமான படத்தில் இருக்கிற உருண்டை முகம் அவரிடம் இருக்கிறது.

ஆங்கிலப் படத்தில் ராமானுஜன் நம் முன் வரும்போதே சென்னையில் வேலை தேடி அலைகிற இளைஞன். கும்பகோணம் கிடையாது. அதுதான் அந்தப் படத்தின் பெரிய ஓட்டை. டவுன் ஹைஸ்கூலில் பரிசுகளாக வாங்கிக் குவித்த பையன், கல்லூரிக்குப் போனதும் கணக்கைத் தவிர எதையும் படிக்காமல் உதவித்தொகையை இழந்தான். வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனான். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. துணிக்கடையில் கணக்கு எழுதும் அப்பா, கோயிலில் பஜனை பாடிக் கொஞ்சம் சம்பாதிக்கும் அம்மா. அந்த வீட்டில் ஒரு பிள்ளை இப்படித் திரும்பத் திரும்பத் தோற்றால் என்ன ஆகும்? இதைத் தமிழ்ப் படம் சின்ன வயதிலிருந்தே நிதானமாகச் சொல்கிறது. அம்மா கோமளத்தம்மாளாக வரும் சுஹாசினி அந்தப் பகுதியைத் தூக்கி நிறுத்துகிறார். பிள்ளைமேல் வெறித்தனமான பாசம், மருமகள்மேல் சந்தேகம், குலதெய்வமான நாமகிரித் தாயார்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எடுக்கும் முடிவுகள் என்று ஒரு முழு மனுஷி அவர். அம்மாவும் பிள்ளையும் தமிழில் பேசிக்கொள்கிறார்கள் என்பதே எவ்வளவு பெரிய விஷயம் என்பது, ஆங்கிலப் படத்தில் ராமானுஜனும் மனைவி ஜானகியும் தனியாக இருக்கும்போதும் ஆங்கிலத்தில் பேசுவதைக் கேட்டால் புரியும்.

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் அந்த வீடு இன்னும் இருக்கிறது. சாஸ்திரா பல்கலைக்கழகம் வாங்கிப் பராமரிக்கிறது. நான் போனபோது முன்னறையில் தெருவைப் பார்த்த சன்னலோரம் ஒரு கட்டில் கிடந்தது. வெளியே திண்ணை. அங்கே உட்கார்ந்து மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு அவர் கணக்குப் போட்டிருக்கிறார். காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் எழுதி, முழங்கையாலேயே அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவார். துணியைத் தேடி எடுக்கிற நேரம்கூட அவருக்கு இல்லை. முழங்கை கறுத்துக் காய்த்துப் போயிருந்ததாம். நோட்டில் விடை மட்டும் இருக்கிறது, வழி இல்லை என்று கேம்பிரிட்ஜ் பிறகு தலையைப் பிய்த்துக்கொண்டதற்கு அந்த முழங்கையும் ஒரு காரணம்.

அப்புறம் கேம்பிரிட்ஜ். இங்கே தராசு அப்படியே மறுபக்கம் சாய்கிறது. ஆங்கிலப் படத்துக்குக் கணித ஆலோசகர்கள் மஞ்சுள் பார்கவாவும் கென் ஓனோவும். பார்கவா 2014-இல், கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர். அதனால் கரும்பலகையில் இருப்பது வெறும் அலங்காரம் இல்லை. நிஜ டிரினிட்டி கல்லூரிக்குள்ளேயே எடுத்திருக்கிறார்கள். முக்கியமாக, ராமானுஜன் என்ன கண்டுபிடித்தார் என்பதை ஒரு சாதாரண ரசிகன் கையில் பிடித்துக்கொள்ளும்படி காட்டுகிறார்கள். எண் பிரிவினை என்ற ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று 5 விதமாகப் பிரிக்கலாம். 10-ஐ 42 விதமாக. 100-க்குப் போனால் 19 கோடியைத் தாண்டிவிடும். 200-க்கு? மக்மஹோன் என்ற கணிதர் கையாலேயே போட்டு வைத்த விடை 3,972,999,029,388. ராமானுஜனும், அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணித அறிஞர் ஹார்டியும் கண்டுபிடித்த சூத்திரத்தில் 8 உறுப்புகளைக் கூட்டினால் அதே எண் வருகிறது, கடைசியில் .004 மட்டும் அதிகம். இதைப் படம் ஒரு போட்டி மாதிரி நாடகமாக்கியிருக்கிறது. ஆக்கட்டும். முன்பு இதைப் புத்தகத்தில் படித்தபோது வராத சிலிர்ப்பு படத்தில் வந்தது. தமிழ்ப் படத்தில் ராமானுஜன் மேதை, மேதை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். ஏன் என்பது நம் கைக்கு எட்டுவதில்லை. லண்டன் காட்சிகளில் மேடை நாடகச் சாயலும் கூடுகிறது.

ஆனால் ஆங்கிலப் படத்தில் ஒரு விஷயம் எனக்கு ஒப்பவே இல்லை. வயது.

ராமானுஜன் இங்கிலாந்து போன 1914-இல் ஹார்டிக்கு 37 வயது. ராமானுஜனுக்கு 26. ஹார்டியோடு சேர்ந்து ஆய்வு செய்த லிட்டில்வுட்டுக்கு 28. அதாவது மூன்று பேருமே இளைஞர்கள், கிட்டத்தட்ட ஒரு செட். படத்தில் ஹார்டியாக வரும் ஜெரமி அயர்ன்ஸ் அறுபதுகளின் நடுவில் இருப்பவர். லிட்டில்வுட்டாக வரும் டோபி ஜோன்ஸ் ஐம்பதை நெருங்கியவர். இரண்டு பேருமே பிரமாதமான நடிகர்கள். ஆனாலும் உறவின் நிறமே மாறிவிடுகிறது. பதினோரு வயது மூத்த சக ஆய்வாளர், தாத்தா வயது குருவாகிவிடுகிறார். ராமானுஜன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் சீடனாகிறார். கணிதத் திறமைக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது தனக்கு 25, லிட்டில்வுட்டுக்கு 30, ராமானுஜனுக்கு 100 என்று போட்டவர் ஹார்டி. குரு போடும் மதிப்பெண்ணா அது? சமமாக உட்கார்ந்து வேலை செய்தவர் மனம் நிறைந்து சொன்னது. ராமானுஜனைச் சிப்பாய்கள் அடிக்கும் காட்சியும் நான் படித்த எந்த வரலாற்றிலும் இல்லை.

இத்தனைக்கும் இங்கிலாந்து வாழ்க்கையின் வேதனையைச் சொல்ல நிஜத்திலேயே வேண்டிய அளவு இருக்கிறது. ஒரு குளிர்காலத்தில், அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் ராமானுஜனின் அறைக்குப் போயிருக்கிறார். ராத்திரி குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுச் சால்வையும் போர்த்திப் படுக்கிறேன் என்றாராம் ராமானுஜன். கட்டிலைப் பார்த்தால் கம்பளிகள் விளிம்பு செருகப்பட்டு அப்படியே மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இன்னொரு முறை விருந்துக்கு வந்தவர்கள் மூன்றாவது தடவை ரசம் வேண்டாம் என்றதும் மனசு நொந்து, சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிட்டார். நாலு நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து, ஐந்து பவுண்டு அனுப்பச் சொல்லித் தந்தி வந்தது. தன் கையால் சமைத்துப் போட்டவருக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

சரி, வயதுக் கணக்கில் தமிழ்ப் படமும் தப்பவில்லை. ஜானகி விஷயத்தில் இரண்டு படமும் ஒரே தவறைச் செய்கின்றன. தமிழில் பாமா, ஆங்கிலத்தில் தேவிகா பிசே. இருவருமே வளர்ந்த பெண்கள். ஆங்கிலப் படம் அதை முழுக் காதல் கதையாகவே ஆக்கிவிட்டது. நிஜத்தில் 1909-இல் கல்யாணம் நடந்தபோது ஜானகிக்கு 10 வயது. 1914 மார்ச்சில் கப்பல் கிளம்பியபோது 15 ஆகவில்லை. அவர் எழுதிய கடிதங்களை மாமியார் போய்ச் சேரவிடவில்லை. கணவன் திரும்பி வந்தபோது 20. நோயில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவருக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு ஒரு வருடம் வாழ்ந்தார். 1920 ஏப்ரல் 26-இல் சேத்துப்பட்டில் ராமானுஜன் இறந்தபோது ஜானகிக்கு 21.

அக்கா மகளிடம் நான் சொன்னது இதுதான். வீட்டையும் அம்மாவையும் வறுமையையும் தெரிந்துகொள்ள, அவர் கப்பல் ஏறும் வரை தமிழ்ப் படத்தைப் பார். அங்கே நிறுத்திவிட்டு, டிரினிட்டி வாசலிலிருந்து ஆங்கிலப் படத்தைப் போடு. ஹார்டி பேசும்போதெல்லாம் அவருக்கு 37 வயதுதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்.

"ஜானகிக்கு?" என்று கேட்டாள்.

அதற்கு இன்னொரு படம் எடுக்க வேண்டும். தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் தைத்தும் மற்றவர்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தும், பல்கலைக்கழகம் தந்த சின்ன ஓய்வூதியத்தோடு வாழ்ந்து, ஒரு பையனைத் தத்தெடுத்து ஆளாக்கியவர் ஜானகி அம்மாள். சிலை வைக்கிறோம் என்று சொன்னார்களே, எங்கே என்று அவர் ஒரு பேட்டியில் கேட்டது வெளிநாட்டுக் கணித ஆய்வாளர்களின் காதுக்குப் போய், அவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுச் சிற்பி பால் கிரான்லுண்டை வைத்து ஒரு வெண்கல மார்பளவுச் சிலை செய்து அவருக்கு அனுப்பினார்கள். பாஸ்போர்ட் படத்தைப் பார்த்துச் செய்த சிலை. அது வீட்டுக்கு வந்தபோது ஜானகி அம்மாளுக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. சிலையில் இருந்தவருக்கு முப்பத்திரண்டுதான்.