முறியாத எஃகா, தேயாத எஃகா: தோட்டத்து வேலைக்கு ஏற்ற கத்தி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட வீடுகளில் மூன்று வகை எஃகு சாதாரணமாகப் புழங்கும்: லோரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த பாராங் (நீண்ட வெட்டுக்கத்தி), கடையில் வாங்கிய டி2 என்ற எஃகு வகைக் கத்தி, அடுப்படியில் துருப்பிடிக்காத கத்தி. மூன்றையும் பல வருடம் வேலை வாங்கிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

கத்தியின் வாயை முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைக் கோடு மின்னினால் கூர் மழுங்கியிருக்கிறது. நகத்தை இருபுறமும் மெல்ல உரசுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் வாய் மடங்கியிருக்கிறது, எஃகு மெத்து. பல் பல்லாகப் பெயர்ந்திருந்தால் அடி தாங்கவில்லை. மடங்காமல், பெயராமல், சீராக உருண்டு போயிருந்தால் மட்டுமே அது தேய்மானம். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பெயர்கிற கத்திக்குப் பதிலாகத் தேய்மானத்தை இன்னும் அதிகம் தாங்கும் எஃகைத் தேடிப் போனால் பிரச்சினை பெரிதாகும்.

ஸ்பிரிங் பட்டைக்குப் பெரும்பாலும் எஸ்யுபி9 என்ற எஃகு வகை அல்லது அதற்கு நெருக்கமான 5160. கரிமம் 0.6 சதவீதத்தை ஒட்டி, குரோமியம் 1 சதவீதத்துக்கும் கீழே. பெரிய கார்பைடு கட்டிகள் (கரிமமும் உலோகமும் சேர்ந்த கடினத் துகள்கள்) கிடையாது. அதனால்தான் அடி தாங்குகிறது. 55 முதல் 57 எச்.ஆர்.சி. (எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவு) பதத்தில் செம்பனை மட்டை, காய்ந்த கட்டை எல்லாம் வெட்டலாம். கல்லில் பட்டாலும் வாய் நசுங்குமே தவிரப் பெயர்வது அரிது. அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் சரி. ஆனால் சீக்கிரம் மழுங்கும். பனைக் குடும்பத்து மட்டையில் சிலிக்கா துகள் இருக்கிறது, மேலே மண் தூசி வேறு. கூர் நீடிப்பதைச் சோதிக்கும் காட்ரா இயந்திரமே சிலிக்கா கலந்த தாளைத்தான் வெட்டுகிறது. ஆக, மட்டை வெட்டுவது தினமும் அந்தச் சோதனையை நடத்துவது மாதிரி.

பழைய பட்டையில் அடித்த பாராங் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லோரியில் ஓடி ஓடிக் களைத்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். பிடி சேரும் இடத்தில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அந்தக் கத்தியை ஓங்காதீர்கள்.

டி2 நேர் எதிர். கரிமம் சுமார் 1.5, குரோமியம் 12 சதவீதம். உரச் சாக்கு, நைலான் கயிறு, அட்டைப் பெட்டி அறுப்பதற்கு இதற்கு ஈடாக ஸ்பிரிங் பட்டை நிற்கவே முடியாது. வினை என்னவென்றால், சாதாரண டி2-இல் குரோமியம் கார்பைடுகள் 20 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மேலும் வளர்ந்திருக்கும். நன்றாகத் தீட்டிய விளிம்போ ஒரு மைக்ரான் அளவுதான். முடிச்சில் சிக்கி முறுக்கினால் அந்தக் கட்டியை ஒட்டித்தான் வாய் பெயரும். பக்கத்துக்கு 20 பாகைக்குக் குறையாமல் தீட்டுங்கள். பாதித் துருப்பிடிக்காதது என்று பேர். குரோமியத்தின் பெரும்பகுதி கார்பைடில் போய்விடுவதால் நம் ஈரக்காற்றில் புள்ளி விழும். துடைத்து எண்ணெய் பூசித்தான் வைக்க வேண்டும்.

இரண்டையும் ஓரளவு சேர்த்துத் தருவது பொடி உலோக முறையில் (உருக்கிய எஃகைப் பொடியாக்கி அழுத்திச் சேர்ப்பது) செய்த சிபிஎம் 3வி என்ற எஃகு. கார்பைடு நுண்ணியது, 2.75 சதவீத வனேடியம். அருமையான எஃகு. ஆனால் வனேடியம் கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கடினமானது. வைரத் தட்டு இல்லாதவர் இதை வாங்கிப் பயனில்லை.

பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டும் கத்திக்கும் இதே கணக்குத்தான். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டிய பட்டைதான் சீவ வேண்டும். அடி குறைவு, கூர்தான் எல்லாம். தேயாத எஃகு இங்கே பொருந்தும் என்று தோன்றும். அந்த வளைந்த வாயை மென்மையான கல்லில் அடிக்கடி ஒற்ற வேண்டியிருப்பதால் சுலபமாகத் தீட்டவரும் கார்பன் எஃகே என் தேர்வு.

அடுப்படிக்கு 1.4116 என்ற துருப்பிடிக்காத எஃகு போதும். புளி, எலுமிச்சை எதற்கும் அசையாது. வாய் மடங்கினால் தீட்டுக்கோலில் நிமிர்த்திவிடலாம்.

எந்த நல்ல பாராங்கையும் கெடுப்பது மின்சாணை. வெறுங்கையால் பிடித்து, சூடு பொறுக்காத நொடியில் தண்ணீரில் முக்குங்கள். வாயில் நீலம் ஏறிவிட்டால் சுமார் 300 பாகை செல்சியஸ் தொட்டாயிற்று. ஸ்பிரிங் பட்டைக்கு அங்கே பதம் இறங்குவதோடு முறியும் குணமும் சேரும். அந்த நீலப் பகுதி முழுவதையும் அரத்தால் எடுத்துவிட்டுப் புது வாய் வைக்க வேண்டும்.