விலைப்புள்ளியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு: எங்கள் வீட்டின் வயரிங், வெல்டிங் வேலை செய்த குழு

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூர்ப் பகுதியில் நாங்கள் கட்டி முடித்த வீட்டின் வயரிங் வேலையையும், கேட், ஜன்னல் கிரில், படிக்கட்டுக் கைப்பிடி, மொட்டை மாடிக் கூரைச் சட்டம் ஆகிய இரும்பு வேலைகளையும் ஒரே குழுவிடம் ஒப்படைத்திருந்தோம். கடையோ பெயர்ப்பலகையோ இல்லாத, வேலை செய்து கொடுத்த வீடுகளின் வாய்மொழிப் பரிந்துரையால் மட்டுமே அடுத்த வேலையைப் பெறுகிற ஆறு பேர் கொண்ட குழு அது. மின் பணிக்கு உரிமம் பெற்ற ஒருவரும், துவாக்குடித் தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றிய மூத்த வெல்டர் ஒருவரும் அதன் பொறுப்பாளர்கள். குடிபுகுந்து ஓராண்டு ஆன பிறகே இதை எழுதுகிறேன். வேலை நன்றாக இருக்கிறது. மீண்டும் இவர்களிடமே கொடுப்பேன். ஆனால் இரண்டு குறைகள் இருந்தன, அவற்றையும் சொல்லியாக வேண்டும்.

இவர்களை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் விலை அன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் அக்கா வீடு கட்டியபோது வேறொரு ஒப்பந்ததாரர், “முழு வயரிங், தரமான பொருள்களுடன், சதுர அடிக்கு இவ்வளவு” என்று ஒரே வரியில் விலைப்புள்ளி கொடுத்திருந்தார். ‘முழு’ என்பதில் இன்வெர்ட்டருக்கான தனி லைன் சேராது என்பதும், ‘தரமான பொருள்’ என்பது கையிருப்பில் இருந்த எந்த வயராகவும் இருக்கலாம் என்பதும் சுவர் பூசிய பிறகே அக்காவுக்குத் தெரிந்தன. பூசிய சுவரில் மீண்டும் காடி வெட்டிக் குழாய் பதித்தார்கள். வெடிப்பு இன்றும் தெரிகிறது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, சொற்களை விளக்காமல் கொடுக்கப்படும் எந்த விலைப்புள்ளியிலும் கையெழுத்திடக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

இந்தக் குழு கொடுத்த விலைப்புள்ளி நான்கு பக்கங்கள் கொண்டது. கையால் தமிழில் எழுதப்பட்டது. அதன் முதல் பக்கத்தில் விலையே இல்லை. வேலையில் தாங்கள் பயன்படுத்தும் சொற்களையும், ஒவ்வொன்றும் எந்தப் பொருளில், எந்த அளவில் வரும் என்பதையும் மட்டுமே எழுதியிருந்தார்கள். கட்டுமான இடத்தில் ‘கம்பி’ என்றால் சென்ட்ரிங் ஆட்களுக்குக் காங்கிரீட்டுக்குள் போகும் முறுக்குக் கம்பி, வெல்டருக்குக் கிரில்லில் வரும் சதுரக் கம்பி, வயரிங் ஆட்களுக்கு மின்சாரம் செல்லும் செம்பு. அரசின் தகுதித் தேர்வுகளில் வயர்மேனுக்கே ‘மின் கம்பியாள்’ என்றுதான் பெயர். ‘ஹோல்டர்’ ஒருவருக்குப் பல்பைத் தாங்குவது, இன்னொருவருக்கு வெல்டிங் ராடைப் பிடிப்பது. ‘மின்தடை’ பாடநூலில் ஓமில் அளக்கப்படும் பண்பு, செய்தித்தாளில் மின்சாரம் நின்றுபோன அறிவிப்பு. ஒரே வீட்டில் இரண்டு தொழில்களும் ஒரே நேரத்தில் நடக்கும்போது, இந்தச் சொற்களைப் பிரித்து எழுதி வைப்பது எவ்வளவு தேவையானது என்பதை வேலையின் நடுவில் ஒரு நாள் கண்ணால் கண்டேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

மின் வேலையின் கூலி பெரும்பாலும் ‘பாயின்ட்’ கணக்கில்தான் பேசப்படுகிறது. தகராறும் அங்கேதான் தொடங்குகிறது. இவர்கள் எழுதியதன்படி, சுவிட்ச் பெட்டியிலிருந்து விளக்கு இருக்கும் இடம் வரையிலான குழாய், வயர், சுவிட்ச், ஹோல்டர் எல்லாம் சேர்ந்து ஒரு பாயின்ட். சுவிட்ச் பெட்டியிலேயே அமையும் 6 ஆம்பியர் பிளக் அரைப் பாயின்ட். தனியாக வரும் 16 ஆம்பியர் பவர் பிளக் தனி விலை. படிக்கட்டில் கீழிருந்தும் மேலிருந்தும் இயக்கும் டூ-வே விளக்கு ஒன்றரைப் பாயின்ட். இவை எல்லா ஊர்களிலும் இப்படித்தான் என்பதில்லை. முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததால், வீடு முழுவதும் நடந்து நானே எண்ணிப் பார்த்துத் தொகையைச் சரிபார்க்க முடிந்தது.

வயரின் அளவில் இவர்கள் காட்டிய கவனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நம் ஊரில் பழைய வயர்மேன்கள் இன்றும் 3/20, 7/20 என்றே கேட்கிறார்கள். 20ஆம் கேஜ் தடிமனுள்ள மூன்று இழைகள் அல்லது ஏழு இழைகள் என்பது அதன் பொருள். கணக்கிட்டால் 3/20 ஏறத்தாழ 2 சதுர மில்லிமீட்டர், 7/20 ஏறத்தாழ 4.5 சதுர மில்லிமீட்டர் வருகிறது. இன்று கடைகளில் கிடைப்பதோ 1.5, 2.5, 4 என்ற வரிசை. ஆகவே 3/20 என்று வாயால் பேசி 1.5 வயரை இழுத்துவிட்டால், பேசியதைவிடக் கால் பங்கு செம்பு குறைவு. பெயர் மாறிய இடைவெளியில் அது யாருக்கும் தெரியாமலே போய்விடும். இவர்கள் பழைய எண்ணை எங்கும் பயன்படுத்தவில்லை. விளக்குக்கும் மின்விசிறிக்கும் 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் வாட்டர் ஹீட்டருக்கும் 4, மீட்டரிலிருந்து, வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டி.பி. பெட்டி வரை 10 என்று சதுர மில்லிமீட்டரிலேயே எழுதி, வயருக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 694 முத்திரை உள்ள காயிலை மேலுறை பிரிக்காமல் என்னிடம் காட்டிய பிறகே குழாய்க்குள் இழுத்தார்கள்.

டி.பி. பெட்டியைப் பற்றியும் ஒரு சொல் விளக்கம் இருந்தது. கடைக்காரர்கள் பலர் இன்னும் ‘ஈ.எல்.சி.பி.’ என்று சொல்லிக் கொடுப்பது உண்மையில் ஆர்.சி.சி.பி. முந்தையது எர்த் கம்பியில் தோன்றும் மின்னழுத்தத்தைக் கொண்டு இயங்கிய பழைய கருவி. இப்போது கிடைப்பது, பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டு, கசிவு இருந்தால் இணைப்பைத் துண்டிப்பது. மனித உயிரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதைத்தான் போட வேண்டும் என்று எழுதி, அதையே பொருத்தினார்கள். ஆர்.சி.சி.பி. இருந்தால் எம்.சி.பி. தேவையில்லையா என்று என் மகள் கேட்டதற்கு, மின் பொறுப்பாளர் வேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார். “இது கசிவைப் பார்க்கும்மா, லோடு கூடினா பார்க்காது. எம்.சி.பி. லோடையும் ஷார்ட்டையும் பார்க்கும், கசிவைப் பார்க்காது. ரெண்டும் வேணும்.” அடிக்கடி டிரிப் ஆகிறது என்பதற்காக எவராவது 10 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு 32 போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது என்றும், அப்படிச் செய்தால் சுவருக்குள் இருக்கும் வயர்தான் முதலில் சூடேறும் என்றும் அவர் கூறியதை வீட்டில் அனைவரும் நினைவில் வைத்திருக்கிறோம்.

முன்னர் குறிப்பிட்ட நிகழ்ச்சி ‘எர்த்’ என்ற சொல்லால் வந்தது. வயரிங்கில் எர்த் என்பது சாதாரண நேரத்தில் மின்னோட்டமே செல்லாத பாதுகாப்புக் கம்பி. வெல்டிங்கிலோ, இரும்பில் கவ்விவிடப்படும் கிளாம்பையும் அதன் கேபிளையும் எர்த் என்கிறார்கள். ஆனால் அது ராடு வழியாகச் சென்ற மின்னோட்டம் முழுவதும் இயந்திரத்துக்குத் திரும்பும் வழி. 3.15 மில்லிமீட்டர் ராடுக்கு ஏறக்குறைய 90 முதல் 130 ஆம்பியர் வரை அதில் ஓடும். படிக்கட்டுக் கைப்பிடியைப் பற்றவைக்கும் நாளில், வயரிங் பக்கத்திலிருந்து உதவிக்கு வந்த இளைஞரிடம் “எர்த்தை மாட்டு தம்பி” என்று வெல்டர் சொல்ல, அவர் தமக்குத் தெரிந்த பொருளில், சுவர் ஓரமாக இறங்கிக்கொண்டிருந்த வீட்டின் எர்த் பட்டையில் கிளாம்பை மாட்டிவிட்டார். ராடை இரும்பில் தொடுவதற்கு முன் மூத்தவர் திரும்பிப் பார்த்துக் கூச்சலிட்டதால் தப்பித்தோம். இல்லையென்றால் அத்தனை மின்னோட்டமும் வீட்டின் மெல்லிய எர்த் கம்பிகள் வழியாக வழி தேடியிருக்கும்; குழாய்க்குள் அவற்றின் உறை உருகியிருந்தால் வெளியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. அன்று மாலையே விலைப்புள்ளியின் முதல் பக்கத்தைக் கேட்டு வாங்கி, வெல்டிங் கிளாம்புக்கு எதிரே ‘ரிட்டர்ன்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பின் அந்த வீட்டில் வேறு பெயரால் அதை யாரும் அழைக்கவில்லை. மூத்த வெல்டருடைய கவனமும், தவறை மறைக்காமல் என்னிடம் விளக்கியதும் எனக்குப் பெரும் நம்பிக்கையைத் தந்தன.

முதல் குறையும் எர்த்தில்தான் வருகிறது. இரண்டரை மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைக் குழியில் இறக்கி, கரியும் உப்பும் அடுக்காக இட்டு, மேலே தண்ணீர் ஊற்றப் புனலும் சிமெண்ட் மூடியும் வைத்து ஒழுங்காகவே அமைத்தார்கள். ஆனால் 5 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்று தாங்களே எழுதிய அளவை அவர்களாக முன்வந்து சோதிக்கவில்லை. நான் இருமுறை நினைவூட்டிய பின்னரே எர்த் டெஸ்டர் வந்தது. காட்டிய அளவு 7 ஓமுக்கு மேல். எங்கள் மண் கோடையில் நன்றாகக் காய்ந்துவிடுகிறது. ஈரம் குறைந்தால் தடை ஏறும். மறுப்புச் சொல்லாமல், முதல் குழியிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி, அதாவது குழாயின் நீளத்தைப் போல இரு மடங்கு இடைவெளியில், தங்கள் செலவிலேயே இரண்டாவது குழி தோண்டி இரண்டையும் இணைத்தார்கள். இப்போது அளவு 4 ஓமுக்கும் கீழே உள்ளது. வயரிங் முழுவதையும் உறையில் கசிவு உள்ளதா என்று பார்க்கும் 500 வோல்ட் மெகர் கருவியால் சோதித்த தாளை மட்டும் கேட்காமலே தந்தார்கள்.

இரும்பு வேலைக்கு வருகிறேன். இதில் கிலோ கணக்கு, சதுர அடிக் கணக்கு என்று இரண்டு வழக்கங்கள் உள்ளன. சதுர அடிக்கு விலை பேசினால் கம்பி மெலியும் வாய்ப்பு அதிகம். கிலோவுக்குப் பேசினால் தேவையில்லாத இரும்பு சேரும் வாய்ப்பு உண்டு. இவர்கள் கிலோவில் விலை சொல்லி, கூடவே பொருளின் அளவையும் எழுதினார்கள். 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ, 10 மில்லிமீட்டர் 0.785 கிலோ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் நூறு மீட்டருக்கு 34 கிலோவுக்கும் மேல் வேறுபாடு வருகிறது. கேட்டின் சட்டத்துக்கு 14 கேஜ் பாக்ஸ் பைப் என்று இருந்தது. கேஜில் எண் குறையக் குறையத் தடிமன் கூடும், 14 என்றால் 2 மில்லிமீட்டர், 16 என்றால் 1.6 என்று அடைப்பில் விளக்கியிருந்தார்கள். வந்திறங்கிய பைப்பை வெர்னியரால் அளந்து காட்டினார்கள்.

பாய்லர் தயாரிக்கும் பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனம் 1965ஆம் ஆண்டு முதல் இங்கே இயங்குவதாலும், அதைச் சார்ந்து எண்ணற்ற துணைத் தொழிற்கூடங்கள் வளர்ந்ததாலும், அதே வளாகத்தில் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதாலும், பாய்லர் வேலையில் கை பழகியவர்களை இந்த வட்டாரத்தில் காண முடிகிறது. மூத்த வெல்டரின் வேலையில் அந்தப் பழக்கம் தெரிந்தது. முதலில் ‘டாக்’ எனப்படும் சிறு புள்ளி வெல்டு வைத்து மூலைமட்டம் பார்ப்பது, பிறகு கோணல் ஏற்படாதிருக்க எதிர் எதிர் பக்கங்களில் மாறி மாறிப் பற்றவைப்பது, ராடை ஈரம் படாத பெட்டியில் வைத்திருப்பது ஆகியவற்றில் அவர் ஒருநாளும் தளரவில்லை. ‘ஃபுல் வெல்டிங்’ என்றால் இணைப்பின் நான்கு பக்கமும் இடைவெளியின்றி ஓடிய வெல்டு என்று எழுதியிருந்ததால், கிரில்லில் இரண்டு புள்ளிகள் மட்டும் வைத்து உதவியாளர் விட்டிருந்த இடங்களைச் சுட்டிக்காட்டியபோது வாதமே எழவில்லை. பாக்ஸ் பைப்பின் திறந்த முனைகளைத் தகடு வைத்து அடைத்ததையும் பாராட்ட வேண்டும். அங்கே மழைநீர் இறங்கினால் பைப் உள்ளிருந்தே அரித்துவிடும், வெளியில் அடிக்கும் பெயின்ட் எதையும் தடுக்காது. ஜி.ஐ. பைப்பைப் பற்றவைக்கும் முன் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரால் நீக்கினார். துத்தநாகம் சூடேறி எழும் புகையை மூச்சில் இழுத்தால் இரவில் காய்ச்சல் வரும் என்று சொல்லி, எங்களையும் அருகில் நிற்க விடவில்லை.

இரண்டாவது குறை மொட்டை மாடிக் கூரைச் சட்டத்தின் அடிப்பக்கத்தில் இருந்தது. மேலே தெரியும் வெல்டுகளில், பற்றவைத்ததும் மேலே படியும் கசடைத் தட்டி, கிரைண்டிங் செய்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்திருந்தவர்கள், அண்ணாந்து பார்த்தால் மட்டுமே தெரியும் இணைப்புகளில் கசடின் மீதே பிரைமரை அடித்துவிட்டார்கள். ஐப்பசி மழையில் கசடு உதிர்ந்து, ஒன்பது இடங்களில் துரு வழிந்தது. தொலைபேசியில் சொன்னபோது வருவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. வந்தவர்கள் ஒன்பதையும் சுத்தம் செய்து, மீதமிருந்த இணைப்புகளையும் தட்டிப் பார்த்து, புதிதாகப் பூசிவிட்டே சென்றார்கள். வேறு இருவரிடம் வாங்கிய விலைப்புள்ளிகளைவிட இவர்களுடையது அதிகம்தான். சுவர்ப் பூச்சுக்கு முந்தைய குழாய் வேலையும் சொன்ன நாளுக்கு எட்டு நாள் பிந்தியே முடிந்தது. அவசரமாகக் குடியேற வேண்டியவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

அக்கா வீட்டின் வயரிங்கை மாற்றும் வேலைக்கும் இவர்களையே அழைத்திருக்கிறோம். போன வாரம் வந்த விலைப்புள்ளியின் முதல் பக்கத்தில், எங்கள் வீட்டுத் தாளில் இல்லாத இரண்டு வரிகள் சேர்ந்திருக்கின்றன. எர்த் அளவீடு உரிமையாளர் முன்னிலையில், குழி மூடுவதற்கு முன் என்பது ஒன்று. வெல்டுகளின் அடிப்பக்கத்தைக் காட்டிய பிறகே பிரைமர் என்பது மற்றொன்று.