கருஞ்சீரக எண்ணெய்: செக்கில் ஆட்டியதா, வீட்டில் காய்ச்சியதா?

இரண்டு வருஷமாக இரண்டையும் மாற்றி மாற்றித் தேய்த்துப் பார்த்துவிட்டேன். இப்போது என் அலமாரியில் இருப்பது தேங்காய் எண்ணெயில் கருஞ்சீரகம் போட்டு நானே காய்ச்சியது. கடையில் கிடைக்கும் சுத்தமான செக்கு எண்ணெயை வாங்குவதை நிறுத்திவிட்டேன். அது மட்டமான சரக்கு என்பதால் இல்லை, சொல்லப்போனால் சரக்கு அதில்தான் அதிகம். காரணம் வேறு, வருகிறேன்.

எனக்கு இருந்த தொந்தரவு இரண்டு. வகிட்டின் இருபக்கமும் ஓயாத அரிப்பு, அப்புறம் மார்கழி பிறந்தால் முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு கோடு கோடாக வெளுத்துப் போவது. கீழக்கரைக்காரத் தோழி ஒருத்திதான் கருஞ்சீரகத்தைப் போட்டுப் பாரேன் என்றாள். அவர்கள் வீட்டில் சளியோ வயிற்று வலியோ எதற்கும் முதலில் திறப்பது அந்த டப்பாவைத்தான்.

செக்கு எண்ணெய் என்பது விதையை அப்படியே பிழிந்தது. கருஞ்சீரகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான். அந்தக் காரமான, ஓமமும் மிளகும் கலந்தது போன்ற வாசத்தோடு வருவது தைமோகுயினோன் என்ற பொருள். கருஞ்சீரகத்துக்குச் சொல்லப்படும் குணங்களில் பெரும்பாலானவற்றை ஆய்வாளர்கள் இதன் கணக்கில்தான் எழுதுகிறார்கள். வீட்டில் காய்ச்சும்போது தேங்காய் எண்ணெய்க்குள் இதில் கொஞ்சம்தான் இறங்கும். அதுவும் ஆவியாகிற பொருள், காய்ச்சும்போது வீடெல்லாம் மணக்கிறது என்றால் அது எண்ணெயை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆக, வீரியத்தில் செக்குதான் ஜெயிக்கிறது, அதில் பேச்சே இல்லை. விலையில் காய்ச்சியது ஜெயிக்கும். வாசத்தில் இரண்டுமே தோல்வி. செக்கு எண்ணெயைத் தேய்த்த முதல் நாள் என் மகள், "அம்மா, உங்க தலையில 'நான்' ரொட்டி வாசம் வருது" என்றாள். தப்பில்லை, அந்த ரொட்டி மேலே தூவுகிற கருப்பு விதையும் இதேதான்.

என் முடிவைத் தீர்மானித்தது காறல்.

நான் வாங்கியது 100 மில்லி பாட்டில், நானூறு ரூபாய்க்கு மேல். தலைக்கு ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் கூட வேண்டாம், வாரம் ஒருமுறைதான் தேய்க்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலு மாதமானாலும் தீராது. குளியலறை அலமாரியில், சென்னை வெயிலில், ஈரத்தில், ஒவ்வொரு வாரமும் மூடியைத் திறந்து மூடினால் என்ன ஆகும்? மூன்றாவது மாதம் பாட்டில் வாயைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒரு மஞ்சள் படலம் கட்டியது. நகத்தால் சுரண்டினால் நூலாக இழுபட்டது. நாலாவது மாதம் ஓம வாசம் போய், பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்தது போல ஒரு வாடை. சீயக்காய் போட்டு இரண்டு முறை அலசினாலும் தலையணை உறையில் அந்த வாடை தங்கியது. காறிப்போன எண்ணெயைத் தோலில் போட்டால் அரிப்பு கூடத்தான் செய்யும், குறையாது.

இது கடைக்காரர் குற்றமில்லை, எண்ணெயின் பிறவிக் குணம். கருஞ்சீரக எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம் என்ற ஒரு வகைக் கொழுப்பு. அது காற்று, வெளிச்சம், சூடு எது பட்டாலும் கெடுகிற ஜாதி. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் எளிதில் கெடாத நிறைவுற்ற கொழுப்பு, லினோலிக் இரண்டு சதவீத அளவுக்குத்தான். அதனால் விதை போட்டுக் காய்ச்சிய பிறகும் அது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. செக்கு எண்ணெயை ஃப்ரிட்ஜில் வைத்தால் தாங்கும், உண்மை. நானும் வைத்தேன். கறிவேப்பிலை டப்பாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது, ஒன்றரை மாதம் எனக்கு அதன் ஞாபகமே வரவில்லை. கையெட்டும் தூரத்தில் இல்லாத எண்ணெயைத் தேய்க்கிற ஆள் நான் இல்லை.

முடிக்கு என்று பார்த்தாலும் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு சாதகம் உண்டு. 2003இல் வந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவி ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். (செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கிற நிறுவனத்து ஆட்கள், அதையும் சேர்த்தே எடைபோட்டுக்கொள்ளுங்கள்.) கருஞ்சீரக எண்ணெயும் கொழுப்பு அமைப்பில் சூரியகாந்தியின் பங்காளிதான்.

நான் காய்ச்சுவது இப்படி. கால் லிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு மேசைக்கரண்டி கருஞ்சீரகம், உரலில் ஒன்றிரண்டாக இடித்தது. முழுசாகப் போட்டால் கருப்புத் தோல் எதையும் வெளியே விடாது. நேரடித் தீயில் வைப்பதில்லை. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் எண்ணெய்க் கிண்ணத்தை இறக்கி, சிறு தீயில் அரை மணி நேரம், மேலே தட்டுப் போட்டு மூடி. ஆறியதும் வெள்ளைத் துணியில் வடிகட்டி, ஈரம் துளிகூட இல்லாத பாட்டிலில் ஊற்ற வேண்டும். ஒருமுறை ஆசைப்பட்டுச் செம்பருத்தியும் கறிவேப்பிலையும் பச்சையாகச் சேர்த்தேன், தண்ணீர்ச் சத்து சரியாக வற்றாமல் மூன்றே வாரத்தில் அடியில் பூசணம். தை மாதக் காலையில் உறைந்துவிடும், வெயிலில் ஐந்து நிமிஷம் வைத்தால் சரி.

விதை வாங்கும்போது ஒரு விஷயம். வெங்காய விதையும் பார்ப்பதற்கு இதே கருப்பு, இதே முக்கோணம். நாட்டு மருந்துக் கடையில் நாலு விதையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கருஞ்சீரகம் என்றால் ஓம வாசம் குப்பென்று வரும், வெங்காய விதை பேசாமல் இருக்கும்.

தோலுக்கு என் தீர்ப்பு அவ்வளவு உறுதியானது இல்லை. வறண்ட தோலுக்கு லினோலிக் அமிலம் நல்லது, தேங்காய் எண்ணெயோ முகத்தில் சிலருக்குத் துவாரத்தை அடைத்துப் பரு கிளப்பும். அந்த வகையில் செக்கு எண்ணெய்தான் பொருத்தம் என்று தோன்றுகிறது. ஆனால் காலில் ஒரே ஒரு குளிர்காலம்தான் போட்டுப் பார்த்தேன். வெளுப்பு குறைந்தது, அது கருஞ்சீரகத்தாலா, தினமும் ஏதோ ஓர் எண்ணெய் பட்டதாலா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. முகத்தில் போட்டதே இல்லை. கலக்காமல் கழுத்தில் தடவிய அன்று மட்டும் சிவந்து எரிந்தது. இந்த எண்ணெயால் தோல் ஒவ்வாமை வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களிலும் பதிவு உண்டு. முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பொடுகு என்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள். பொடுகுக்குப் பின்னால் இருக்கும் மலசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள்தான் சாப்பாடு, ராத்திரி முழுக்க ஊறவைப்பது விருந்து வைப்பது மாதிரி. என் அண்ணனுக்கு அடங்கியது டாக்டர் எழுதிக் கொடுத்த, பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பூவில்தான். எனக்கு இருந்தது வெறும் வறட்சி அரிப்பு, அதனால் எண்ணெய் எடுபட்டது. நரையைக் கருக்க வைக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

காறிப்போன அந்த அரை பாட்டிலைக் கொட்ட மனசு வராமல் வாசல் கேட்டின் கீலுக்கு விட்டேன். பத்து நாள் சத்தமில்லாமல் திறந்தது. அப்புறம் அங்கேயும் பிசினாக இறுகி, இப்போது கேட்டைத் தோளால் தள்ளித்தான் திறக்கிறோம்.