பௌத்தம் யாரிடம் படிப்பது? குமரி வாசகருக்கு ஓர் ஒப்பீடு

குமரி மாவட்டத்தில் பௌத்தக் குடும்பத்தில் பிறந்தவரைக் காண்பது அரிது. சர்ச், கோயில், பள்ளிவாசல், அய்யாவழியின் நிழல்தாங்கல் என்று ஏதோ ஒன்றின் நிழலில் வளர்ந்தவர்தான் இங்கே புத்தரைத் தேடிப் புத்தகக் கடைக்குப் போகிறார். இன்று உலகம் வாசிக்கும் பௌத்த ஆசிரியர்களிலும் பலர் அப்படி வேறொரு வீட்டில் பிறந்து, தேடி வந்து சேர்ந்தவர்கள். மார்வாடி வியாபாரி, புரூக்ளின் யூதக் குடும்பத்துப் பையன், லண்டன் மீன்கடை வீட்டுப் பெண், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த சட்ட மேதை, சித்த வைத்தியர் என்று அந்த வரிசை நீளும். அவரவர் வாழ்க்கை எந்தக் கேள்வியை எழுப்பியதோ அந்தக் கேள்விக்கு அவரவர் ஆழமாகப் பதில் சொல்கிறார்கள். மற்றவற்றை மேலோட்டமாகக் கடந்துவிடுகிறார்கள். எனவே ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய புகழையும் காவியுடையையும் பார்ப்பதைவிட, அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்த காரணத்தைப் பார்ப்பது நல்லது.

நம் ஊரில் பலருக்கு முதலில் அறிமுகமாகும் பெயர் எஸ். என். கோயங்கா. 1924இல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்தவர், ரங்கூனில் பெரிய வியாபாரி. அவரைத் தியானத்திடம் கொண்டுபோனது தலைவலி. கடுமையான ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி வரை போய், வெளிநாட்டு மருத்துவர்களையெல்லாம் பார்த்துவிட்டு, 1955இல் ஊ பா கின்னிடம் வந்தார். ஊ பா கின் துறவி அல்ல. பர்மிய அரசின் தலைமைக் கணக்காயர். தலைவலி தீர்வதற்கு மட்டும் வருவதானால் வரவேண்டாம் என்று முதலில் மறுத்துவிட்டார். கோயங்கா 14 ஆண்டுகள் அவரிடம் பயின்று, 1969இல் இந்தியாவுக்கு வந்து முகாம் நடத்தத் தொடங்கினார்.

அந்தப் பத்து நாள் முகாமில் ஒரு நல்ல நிர்வாகியின் கை தெரியும். அதிகாலை நான்கு மணிக்கு எழுப்பும் மணி, ஒன்பது நாள் மௌனம், கட்டணம் கிடையாது, முகாமை முடித்தவரிடமிருந்து மட்டும் நன்கொடை. முதல் மூன்று நாட்களுக்குப் பாடம் ஒன்றுதான்: மூக்குத் துவாரங்களுக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள சிறிய இடத்தில் மூச்சு படுவதைக் கவனிப்பது. உடல் உணர்வுகளைக் கவனிக்கும் விபாசனா நான்காம் நாள்தான் தொடங்கும். இங்கிருந்து திருவனந்தபுரம் வழியாகக் கோட்டயம் போகும் ரயிலில் ஏறினால் செங்கன்னூரில் இறங்கலாம். அந்தப் பக்கம் ஒரு மையம் இருக்கிறது. உடலையும் மனத்தையும் நேரடியாகக் கவனிக்கப் பழக வேண்டும் என்பவருக்கு இதைவிடத் தெளிவான ஏற்பாடு எனக்குத் தெரியாது. 1994இல் திஹார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு அவர் முகாம் நடத்தினார் என்பதும் பெரிய செயல். ஆனால் அந்தச் சிறை ஏன் நிரம்புகிறது என்பது முகாமின் பாடத்தில் வராது. நூல்களை ஒப்பிட்டுப் படிக்கவும் அங்கே வழியில்லை.

அந்த இடத்தில் துணைக்கு வருபவர் பிக்கு போதி. 1944இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஜெஃப்ரி பிளாக் என்ற பெயரில் பிறந்தவர். தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1972இல் இலங்கைக்குப் போய்த் துறவியானார். கண்டியிலுள்ள பௌத்த வெளியீட்டுக் கழகத்தில் பல ஆண்டுகள் பதிப்பாசிரியர். பாலி மொழியிலுள்ள புத்தர் உரைத் தொகுப்புகளான சம்யுத்த நிகாயம் 2000இலும் அங்குத்தர நிகாயம் 2012இலும் அவருடைய ஆங்கிலத்தில் வெளிவந்தன. கோயங்காவைப் பௌத்தத்துக்கு அழைத்துவந்தது தலைவலி என்றால், இவரைத் துறவு வாழ்வு முழுக்கத் துரத்தியதும் தலைவலிதான். அதைத் தாங்கிக்கொண்டுதான் ஆயிரக்கணக்கான பக்கங்களைப் பெயர்த்தார். பாலி மூலத்தில் என்ன இருக்கிறது, உரைகாரர் என்ன சேர்த்தார் என்பதை அவருடைய அடிக்குறிப்புகள் பிரித்துக் காட்டும். தியானம் செய்து பார்த்துவிட்டு, “புத்தர் உண்மையில் இப்படித்தான் சொன்னாரா?” என்று கேட்பவர் இவரிடம் போகவேண்டும்.

அத்துடன் அவர் நிற்கவில்லை என்பதே எனக்கு அவர்மேல் மரியாதை கூடக் காரணம். பௌத்தர்கள் தியான அறையில் அமர்ந்துகொண்டு உலகின் பசியைக் காணாமல் இருக்கிறார்கள் என்று 2007இல் கட்டுரை எழுதினார். அதைப் படித்து முன்வந்த மாணவர்களோடு சேர்ந்து மறு ஆண்டே பசிக்கு உதவும் அமைப்பைத் தொடங்கினார். அமுதசுரபி ஏந்திய மணிமேகலையைப் படித்து வளர்ந்த நமக்கு இந்தத் திருப்பம் இயல்பாகவே தோன்றும்.

அம்பேத்கரை இந்த இருவரோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு முகத்தில் அறையும். அவர் வந்தது உடல்வலியிலிருந்தோ தத்துவ ஆர்வத்திலிருந்தோ அல்ல, தீண்டாமையிலிருந்து. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். அவர் மறைவுக்குப் பின் 1957இல் ‘புத்தரும் அவர் தம்மமும்’ வெளிவந்தது. முதியவர், நோயாளி, பிணம் ஆகியவற்றைக் கண்டு சித்தார்த்தர் வீட்டைத் துறந்தார் என்ற வழக்கமான கதையை அந்த நூல் ஏற்கவில்லை. 29 வயது வரை அவர் இவற்றைப் பார்த்ததே இல்லை என்பதை எப்படி நம்புவது என்று கேட்கிறார் அம்பேத்கர். ரோகிணி ஆற்று நீருக்காகச் சித்தார்த்தரின் குலத்தாரான சாக்கியருக்கும் அண்டைக் குலத்தாரான கோலியருக்கும் சண்டை மூள, போருக்கு உடன்படாத சித்தார்த்தர் நாட்டை விட்டு வெளியேறுவதாக அவர் எழுதுகிறார். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் 2004க்குப் பின் தண்ணீர் காணாத விளவங்கோடு விவசாயிக்கு இந்தத் தொடக்கத்தை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. மரபான பௌத்தர்கள் இந்த நூல்மேல் வைக்கும் குறை, துன்பம் பற்றிய புத்தரின் நான்கு உண்மைகளையும் மறுபிறப்பையும் அவர் தம் விருப்பப்படி மாற்றிப் பொருள் கொண்டார் என்பது. குறை உண்மைதான். அதனால்தான் பிக்கு போதியையும் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்கிறேன்.

தமிழ் வாசகர் அவசியம் பார்க்கவேண்டிய இன்னொரு இணை உண்டு. அதைப் பலர் பார்ப்பதே இல்லை. 1907இல் சென்னையில் இரண்டு காரியங்கள் நடந்தன. அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். பி. லட்சுமி நரசு ஆங்கிலத்தில் ‘பௌத்தத்தின் சாரம்’ என்ற நூலை வெளியிட்டார். ஒரே நகரம், ஒரே ஆண்டு, ஒரே புத்தர். ஆனால் இருவருடைய பௌத்தமும் வேறு வேறு.

நரசு அறிவியல் பேராசிரியர். ஐரோப்பிய ஆய்வுகளைப் படித்து, பகுத்தறிவுக்கு ஒத்துவரும் பௌத்தத்தை எடுத்துவைத்தார். அந்த நூலின் 1948ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். அயோத்திதாசரோ சித்த மருத்துவர், தமிழ்ச் சுவடி மரபில் வந்தவர். 1898இல் பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று தீட்சை பெற்று, சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பறையர் என்று ஒதுக்கப்பட்டவர்களே இந்நாட்டின் பூர்வ பௌத்தர்கள் என்று வாதிட்டார். குமரிமுனையில் 133 அடி உயரத்தில் நிற்கும் வள்ளுவரை அவர் பௌத்தராகவே வாசித்தார். நாம் கொண்டாடும் பண்டிகைகளுக்கும் பௌத்த விளக்கம் தந்தார்.

அவர் சொன்ன வரலாறு எல்லாவற்றையும் ஆதாரமுள்ள வரலாறாக நான் ஏற்கவில்லை. ஆனால் வர்ம ஆசான்களும் நாட்டு வைத்தியர்களும் சுவடி படித்துச் சிகிச்சை செய்த மண் இது. அப்படிப்பட்ட ஒருவர் பாட்டையும் சடங்கையும் மருந்தையும் எப்படி ஒன்றாகப் படிப்பார் என்பது நமக்குப் பழக்கமானது. நரசுவைப் படித்தால் புத்தர் அறிவுக்கு உகந்தவர் என்று தெளிவாகும். அயோத்திதாசரைப் படித்தால் புத்தர் நம் தெருவுக்குப் புதியவரல்லர் என்று தோன்றத் தொடங்கும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் அயோத்திதாசரையே எடுப்பேன். அவருடைய எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டையிலிருந்து 1999இல் அவை நூலாக வந்தன. நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் அச்சான அந்த நூலை இங்குள்ள பௌத்த ஆர்வலர்களே அறியாமல் இருப்பது வருத்தம் தருகிறது.

கடலோர ஊர்களில் இருந்து கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் திக் நியட் ஹான். 1926இல் வியட்நாமின் ஹியூவில் பிறந்து, 16 வயதில் மடத்தில் சேர்ந்தவர். பௌத்தத்திலேயே பிறந்தவர் என்பதால் மேலே சொன்னவர்களிலிருந்து வேறுபட்டவர். ஆனால் போர் அவரை மடத்துக்குள் இருக்கவிடவில்லை. குண்டு விழுந்த கிராமங்களைத் திரும்பக் கட்ட இளைஞர்களைத் திரட்டினார். 1966இல் சமாதானம் பேச வெளிநாடு சென்றவரால் பல பத்தாண்டுகள் நாடு திரும்ப முடியவில்லை. வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்த அகதிகளைக் காப்பாற்ற, 1970களில் சிங்கப்பூரிலிருந்து கப்பல் அனுப்பினார். கடற்கொள்ளையனால் சிதைக்கப்பட்டுக் கடலில் குதித்த ஒரு சிறுமியைப் பற்றி அவருக்குக் கடிதம் வந்தது. கொதித்துப்போனவர், தியானத்தில் அமர்ந்து யோசித்தார். அந்தக் கொள்ளையனின் ஊரில், அவன் வளர்ந்தபடியே தானும் வளர்ந்திருந்தால் தானும் அவனாகியிருக்கக்கூடும் என்று உணர்ந்து கவிதை எழுதினார். இதை ஏற்பது எளிதல்ல. ஏற்கவேண்டும் என்று யாரையும் நான் வற்புறுத்தமாட்டேன். ஆனால் 2017இல் ஒக்கிப் புயலில் ஆளை இழந்து, யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நிற்கும் வீடுகள் தூத்தூர்ப் பக்கம் இருக்கின்றன. கோபத்தை மறுக்காமல், அதன் பக்கத்தில் அமர்ந்து பேசுகிற குரல் அவருடையது.

மருத்துவமனைத் தியானத்தைத் தேடுபவர்களுக்கு ஜான் கபாட்-சின் இருக்கிறார். எம்.ஐ.டி.யில் உயிரியல் முனைவர். 1979இல் மாசசூசெட்ஸில் எட்டு வாரத் தியானப் பயிற்சியைத் தொடங்கினார். நாள்பட்ட வலிக்கும் மன அழுத்தத்துக்கும் பயன்படும். பௌத்தம் கற்க அது போதாது.

பெண்கள் கேட்டால் என் பட்டியலே மாறும். டென்சின் பால்மோ 1943இல் பிறந்து, லண்டன் பெத்னல் கிரீனில் மீன்கடைக்கு மேல்வீட்டில் வளர்ந்தவர். அப்பா இறந்தபின் கடையை நடத்தியவர் அம்மா. குளச்சலிலும் முட்டத்திலும் இப்படி எத்தனை வீடுகள்! இருபது வயதில் இந்தியா வந்து, 1964இல் துறவியானார். இமயத்தின் லாஹோல் பகுதி மலைக்குகையில் 12 ஆண்டுகள் தங்கினார். ஒருமுறை பனி குகை வாயிலை மூடிவிட, பாத்திர மூடியால் தோண்டி வெளியே வந்தார். பெண் உடலிலேயே ஞானம் அடைவேன் என்பது அவர் எடுத்துக்கொண்ட உறுதி.

படித்தவுடன் மனம் எழும்பும் வாழ்க்கை அது. ஆனாலும் பிள்ளைகளும் வேலையுமாக இருக்கும் பெண்ணுக்கு நான் முதலில் காட்டுவது தாய்லாந்தின் தம்மானந்தாவை. அவர் தம்மசாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், மூன்று மகன்களின் தாய். பெண்களுக்குத் துறவு தரக்கூடாது என்று 1928இல் தாய்லாந்துத் துறவியர் சங்கத் தலைவர் இட்ட ஆணை அங்கே குறுக்கே நின்றது. பணியையும் குடும்பத்தையும் ஒழுங்குசெய்துவிட்டு, 2003இல் இலங்கையில் முழுத் துறவு பெற்று ஊர் திரும்பினார். தன் கோயிலில் மற்றப் பெண்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கினார்.