கோளாறா, குணமா? தாண்டிக்குடி மலையில் பழைய ஜிப்சியுடன் பதினான்கு மாதங்கள்

பழைய மாருதி ஜிப்சியை வாங்கிய நான்காம் நாள், பண்ணைக்காட்டுக்கு முந்தைய வளைவொன்றில் சின்ன கியர் (ஃபோர் வீலைப் போடவும் எடுக்கவும் இருக்கும் தனி லீவர்) இறுகிக்கொண்டது. தோட்டத்து மண் பாதையில் ஃபோர் வீல், அதாவது நான்கு சக்கரத்துக்கும் இழுவை, போட்டு ஏறியிருந்தேன். தார்ச் சாலைக்கு வந்த பிறகும் அதை எடுக்காமல் மூன்று வளைவு ஓட்டிவிட்டேன். ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் முன் சக்கரங்கள் சாலையைப் பிறாண்டிக்கொண்டு உதறின. ஓரம்கட்டி, லீவரை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாயைக் கொட்டிவிட்டோமே என்று வயிறு கலங்கியது.

எதிரே மிளகு மூட்டை ஏற்றி வந்த ஜீப் ஓட்டுநர் ஒருவர் நிறுத்தி எட்டிப் பார்த்தார். "ஸ்டியரிங்கை நேராக வையுங்கள் தம்பி. ரிவர்ஸ் போட்டு நாலடி பின்னால் வாருங்கள்" என்றார். வந்தேன். அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு லீவர் ஒற்றை விரலுக்கு வந்தது.

அன்றிரவு நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் 'கோளாறு', வலப்பக்கம் 'குணம்'. பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல இருப்பது அந்தக் கோட்டைப் பற்றித்தான். எது நோய், எது சுபாவம் என்று தெரியாதவரை பட்டறைக்குப் பணம் போய்க்கொண்டே இருக்கும். நோயைச் சுபாவம் என்று விட்டுவிட்டால் ஒருநாள் நடுக்காட்டில் நிற்க வேண்டிவரும்.

முதலில் வண்டியைப் பற்றி. 2006 ஆம் ஆண்டு ஜிப்சி கிங், தார்ப்பாய்க் கூரை, பெட்ரோல். எனக்கு முன் இரண்டு கை மாறியது. ஜிப்சி நம் நாட்டில் 1985 இறுதியில் 970 சிசி இன்ஜினுடன் வந்தது. 1996 இல் 1,298 சிசி இன்ஜினோடு கிங் வந்தது. 2000 வாக்கில் கார்புரேட்டர் போய், மின்னணு முறையில் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. ஆனது. என்னுடையது அந்தக் கடைசி வகை, 80 குதிரைத் திறன். எடை ஏறக்குறைய ஒரு டன்தான். ராணுவம் இதைப் பல்லாண்டுகள் விடாமல் வாங்கியதற்கு இந்தக் குறைந்த எடையும் ஒரு காரணம். சேற்றில் கனமான ஜீப்புகள் புதையும் இடத்தில் இது மேலாக ஓடிவிடுகிறது. எங்கள் காப்பித் தோட்டத்துக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. காப்பிப் பழம் பறிக்கும் காலமும் அதையொட்டியே வருகிறது. மூட்டை இறக்க வேண்டிய மாதத்தில்தான் பாதை கூழாகும். அதற்காக வாங்கிய வண்டி இது.

சின்ன கியர் ஏன் இறுகியது? வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்தில் ஓடும், பின் சக்கரங்கள் சிறிய வட்டத்தில். ஃபோர் வீல் போட்டதும் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்பட்டுவிடுகின்றன. அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க நடுவில் எதுவும் இல்லை. மண்ணிலும் சேற்றிலும் டயர் சற்று வழுக்கி இறுக்கத்தைக் கழித்துக்கொள்ளும். உலர்ந்த தாரில் வழுக்காது. இறுக்கம் முழுவதும் பற்சக்கரங்களுக்குள் முறுக்கிக்கொண்டு நிற்கும், லீவர் வராது. பின்னால் வந்தால் முறுக்கு அவிழ்கிறது. வலப்பக்கம் எழுதிய முதல் குணம் இது.

இரண்டாவது குணம் முன் சக்கர நடுவில் இருக்கும் ஹப். என் வண்டியில் இருப்பது கையால் திருப்பிப் பூட்டும் வகை. திறந்த நிலையில் முன் சக்கரம் தனியாகச் சுற்றும். உள்ளே இருக்கும் ஆக்சிலும் கிரவுனும் (இரு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) சும்மா கிடக்கும். பூட்டினால்தான் முன் சக்கரத்துக்கு இழுவை வரும். இதை வண்டியை விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாங்கியபோது அது பூட்டியே இருந்திருக்க வேண்டும், இடையில் யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள். முதல் மழையில் லீவரை மட்டும் போட்டுச் சேற்றில் இறங்கினேன். பின் சக்கரம் இரண்டும் குழி தோண்டின, முன் சக்கரம் இரண்டும் வேடிக்கை பார்த்தன. ஃபோர் வீல் போய்விட்டது என்று முடிவு கட்டி, கணுக்கால் சேற்றில் நின்றபடி பட்டறைக்குப் போன் செய்தேன். மெக்கானிக் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "ஹப்பைப் பூட்டினீர்களா?" குனிந்து, குளிரில் விறைத்த விரலால் இரண்டு பக்கமும் திருப்பினேன். வண்டி ஏறிவிட்டது. இப்போதெல்லாம் மண் பாதை தொடங்கும் பலா மரத்தடியில் நிறுத்தி, இறங்கி, பூட்டிவிட்டுத்தான் ஏறுகிறேன்.

இதே ஹப்பால் ஒரு நல்ல வசதியும் உண்டு. ஹப்பைத் திறந்தே வைத்துவிட்டுச் சின்ன கியரை லோவில் போட்டால், பின் சக்கரத்துக்கு மட்டும் மெதுவான, பலமான இழுவை கிடைக்கிறது. காப்பிக் களத்துச் சிமெண்டுத் தரையில் மூட்டையோடு அங்குலம் அங்குலமாகப் பின்னால் வர இதைவிடச் சுகமான வழி இல்லை. பூட்டு இல்லாததால் முறுக்கும் ஏறுவதில்லை. ஆனால் பாரம் முழுவதும் பின் ஆக்சில் ஒன்றே தாங்குகிறது என்பதை நினைவில் வைத்து ஆக்சிலேட்டரை மெல்லத்தான் மிதிக்க வேண்டும். மழை இல்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை ஹப்பைப் பூட்டி, ஃபோர் வீல் போட்டு மண் பாதையில் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். சும்மா கிடக்கும் முன் கிரவுனுக்கும் எண்ணெய் ஏற வேண்டும்.

அடுத்தது சத்தம். ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் இருக்கைக்கு அடியில் 'டொக்'. இந்த வண்டியில் கியர் பாக்ஸும் சின்ன கியர்ப் பெட்டியும் ஒட்டி இல்லை, தனித்தனியாகத் தொங்குகின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட், அங்கிருந்து முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. மூன்று ஷாஃப்ட்டிலும் இரு முனையிலும் கிராஸ் என்னும் மடங்கும் மூட்டு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் மயிரிழை தளர்வு இருந்தாலே கூட்டினால் ஒரு 'டொக்' வந்துவிடும். ஆகவே குணம் என்று விட்டுவிட இருந்தேன். மெக்கானிக் அண்ணன் விடவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அடியில் படுத்து, ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாகத் திருகிக் காட்டினார். குட்டி ஷாஃப்டின் பின் கிராஸ் தனியாக ஆடியது. கழற்றிப் பார்த்தால் கிண்ணத்துக்குள் கிரீஸே இல்லை. செங்கல் பொடி நிறத்தில் துருத்தூள், அதற்குள் தேய்ந்து ஊசியாகிப்போன சின்னச் சின்ன உருளைகள். இரண்டு கிராஸ் மாற்றினோம். முக்கால் பங்குச் சத்தம் போய்விட்டது. மிச்சம் இருக்கும் கால் பங்கைத்தான் குணம் பக்கம் எழுதியிருக்கிறேன்.

என்னைப் பெரிதும் பயமுறுத்தியது ஓடைத் தண்ணீர். கார்த்திகை மாதம், மலைப்பாதை ஏறி வந்த சூட்டோடு தோட்டத்துக்குக் கீழே இருக்கும் ஓடையில் இறங்கிக் கடந்தேன். முழங்காலளவு தண்ணீர், பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. இரண்டு வாரம் கழித்துப் பின் கிரவுனில் எண்ணெய் மாற்றப் போனோம். அடி போல்ட்டைத் திறந்ததும், தேன் நிறத்தில் கெட்டியாக இறங்க வேண்டிய எண்ணெய், பால் தூக்கலாக ஊற்றிய காப்பியைப்போல நுரைத்துக்கொண்டு வந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தேன். வழவழப்பே இல்லை, சோப்புத் தண்ணீர்போல் இருந்தது.

காரணம் ஆக்சில் ஹவுசிங்கின் தலையில் இருக்கும் சுண்டுவிரல் நுனி அளவிலான பிரீதர், அதாவது மூச்சுத் துளை. ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரிகிறது, அதன் வழியே வெளியேறுகிறது. குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்காற்று சட்டென்று சுருங்கி, வெளியிலிருந்து உறிஞ்சுகிறது. பிரீதர் அடைத்திருந்தால் ஆயில் சீல் ஓரமாகத் தண்ணீரைத்தான் உறிஞ்சும். என் வண்டியில் அதற்குள் குளவி மண் கூடு கட்டியிருந்தது! எத்தனை வருடமோ. ஈரத்தோடு இன்னும் இரண்டு மாதம் ஓட்டியிருந்தால் பேரிங்குகள் போயிருக்கும். பிரீதரைச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மேலே பெட்ரோல் ஊற்றும் வாய்ப்பக்கம்வரை கொண்டுபோய்க் கட்டினோம். முன் ஹவுசிங்குக்கும் அப்படியே. செலவு மிகக் குறைவு. பழைய ஜிப்சியோ ஜீப்போ எதுவானாலும், வாங்கிய வாரமே இந்த வேலையைச் செய்துவிடுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். நான் இப்போது ஓடைக்கு முன்னால் பத்து நிமிடம் வண்டியை ஆற வைத்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.

வண்டியின் குதிப்பைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். காலி வண்டி குதிக்கத்தான் செய்யும். ஆனால் என்னுடையது முதுகை உடைத்தது. பின்பக்கப் பட்டைகளை எண்ணிப் பார்த்தபோது இரு பக்கமும் ஒரு பட்டை கூடுதலாக இருந்தது. முன்பிருந்தவர் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றியவர், பாரத்துக்காகச் சேர்த்திருக்கிறார். ரப்பர் புஷ்களுக்கும் அன்போடு கிரீஸ் அடித்திருக்கிறார். ரப்பர் கிரீஸைக் குடித்து உப்பிப் பிதுங்கியிருந்தது. கூடுதல் பட்டையைக் கழற்றி, புஷ்ஷை மாற்றி, கிரீஸைத் தொடாமல் விட்டதும் வேறு வண்டியாகிவிட்டது. நான்கு காப்பி மூட்டை ஏற்றினால் கெட்டியாக உட்கார்ந்து போகிறது. டயர் காற்று தாரில் 26, சேற்றில் 18. காற்றைக் குறைப்பதில் கிடைக்கும் பிடிப்பு எந்த விலையுயர்ந்த டயரிலும் கிடைக்காது. தார்ச் சாலைக்குத் திரும்பும்போது மறுபடி ஏற்ற ஒரு சிறிய பம்பு வண்டியிலேயே இருக்கட்டும்.

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் வெடவெடவென்று ஆடியது. இரண்டு முறை வீல் பேலன்சிங் செய்து பணம் வீண். முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங் தளர்ந்திருந்தது. மாற்றி, ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்துச் சரியாக இறுக்கியதும் அடங்கியது. ஆட்டம் வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

ஏற்றத்தில் இழுவை குறைவது கோளாறு அல்ல. வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் போனால் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறோம். அங்கே காற்று மெலிந்து, எந்தச் சாதாரணப் பெட்ரோல் இன்ஜினும் ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கிறது. எம்.பி.எஃப்.ஐ. என்பதால் காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது, கரும்புகை இல்லை. இந்த இன்ஜினுக்கு உயிர் மேல் சுற்றில்தான் இருக்கிறது. டீசல் ஜீப் ஓட்டிப் பழகியவர்கள் மூன்றாம் கியரில் முனக விடுவார்கள். தயங்காமல் இரண்டாவதற்கு இறக்க வேண்டும். இறங்கும்போதும் இரண்டாம் கியர்தான். பெரும்பாறையிலிருந்து சித்தரேவு நோக்கி இறங்கும் வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் கருகல் நாற்றம் வந்துவிடும். ஏறி வருகிற வண்டிக்கு ஒதுங்கி வழிவிடுவது மலையின் மரியாதை. பவர் ஸ்டியரிங் இல்லாத இந்த வண்டியை ஓரத்தில் ஒடிக்கத் தோள் வலிக்கும், ஆனாலும் ஒதுங்கத்தான் வேண்டும்.

தார்ப்பாய்க் கூரை ஒழுகும். தைத்த இடத்தில் மெழுகு தேய்த்துப் பார்த்தேன், ஒரு மழைக்குத் தாங்கியது. துரு வேறு விஷயம். அதைக் குணம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மூடுபனி மலையில் சேசிஸ் என்னும் அடிச்சட்டம் உள்ளிருந்துதான் அரிக்கிறது. வாங்கும்போது சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். சேசிஸில் வெட்டிய எண்ணையும் ஆர்.சி.யில் இருக்கும் எண்ணையும் ஒப்பிடுங்கள். பதினைந்து ஆண்டு முடிந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. அதையெல்லாம் விலையில் பேசிக் கழித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை 11,000 கிலோமீட்டர். மலையில் லிட்டருக்கு ஒன்பது, சமவெளியில் பதினொன்று. நாற்பது லிட்டர் டேங்க் என்பதால் மலைக்குத் திரும்பும் முன் வத்தலகுண்டிலேயே நிரப்பிவிடுகிறேன். பதினான்கு மாதத்தில் பட்டறைக்கு எழுபத்தெட்டாயிரம். இதில் பாதிக்கு மேல் முதல் நான்கு மாதத்தில் போனது. உதிரிபாகத்துக்குத் தவிக்கவில்லை, எஸ்டீம் காரில் இருந்த அதே குடும்பத்து இன்ஜின் என்பதால் மதுரையிலும் கோவையிலும் கிடைத்துவிடுகிறது. தினமும் குடும்பத்தோடு சொகுசாகப் போக வேண்டும் என்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மண் பாதையின் முடிவில் தோட்டமோ வீடோ வைத்திருப்பவர், வாரத்தில் அரை நாள் வண்டிக்கு அடியில் படுக்கத் தயங்காதவர் தைரியமாக வாங்கலாம்.

நோட்டில் இப்போது இடப்பக்கம் பதினேழு வரி, அதில் பதினைந்தை அடித்துவிட்டேன். வலப்பக்கம் ஒன்பது. எந்தப் பக்கத்திலும் சேராத ஒரு வரி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: குளிர்ந்த காலையில் முதல் கியரில் மட்டும், முதல் இருநூறு மீட்டருக்கு ஒரு மெல்லிய இரைச்சல். சூடானதும் நின்றுவிடுகிறது. புரட்டாசி இரண்டாம் வாரம், மழைக்கு முன்னால், கியர் பாக்ஸ் எண்ணெயை இறக்கிப் பார்க்கப் போகிறோம்.