சுரண்டலா, குளிர்காய்தலா?

இரண்டுமே பிறரை வைத்து ஆதாயம் பார்ப்பதுதான். ஆனால் செய்தி எழுதும்போது எதைப் போடுவது என்று பலர் தடுமாறுகிறார்கள்.

பிறப்பு
சுரண்டல்: அடிப்பாத்திரத்துக் காந்தலைச் சுரண்டுகிறோமே, அதே வினை. மிச்சம் வைக்காமல் எடுப்பது. (ஒரு காலத்தில் தமிழ்நாட்டில், சீட்டைச் சுரண்டிப் பரிசு பார்க்கும் ‘சுரண்டல் லாட்டரி’யும் விற்றது. பெயர்ப் பொருத்தம் அபாரம்!)
குளிர்காய்தல்: நெருப்பருகே உட்காருவது. குறள் 691இன் ‘தீக்காய்வார்’ அரசனை விட்டு அகலாமலும் மிக நெருங்காமலும் பழகுபவருக்கு உவமை. இன்றைய ஏளனம் அதில் இல்லை.

யாருக்கு நட்டம்?
சுரண்டல்: இழப்பவர் கண்ணெதிரே இருக்கிறார். போவது அவருடைய கூலி, நிலம், உழைப்பு.
குளிர்காய்தல்: தீயை மூட்டியது வேறு யாரோ. இருவர் சண்டை போதும்.

வேற்றுமை உருபு
தொழிலாளியைச் சுரண்டினார், கட்சிப் பூசலில் குளிர்காய்ந்தார். மாற்றிப் போட்டால் வாக்கியம் நிற்காது.

ஆக, கூடுதல் நேரம் வேலை வாங்கிவிட்டுக் கூலி தராத முதலாளிக்குச் சுரண்டல். அண்ணன் தம்பி பாகத் தகராறில் நிலத்தை அடிமாட்டு விலைக்கு வளைக்கும் புரோக்கருக்குக் குளிர்காய்தல். தகராறை மூட்டிவிட்டதே அவர்தான் என்றால், தயங்காமல் சுரண்டல் என்றே எழுதலாம்.