தஞ்சை பீரங்கிமேடும் தரங்கம்பாடிக் கோட்டையும்: அடித்ததா, வார்த்ததா?

தரங்கம்பாடி டேன்ஸ்போர்க் கோட்டையில் இருப்பவை வார்ப்பிரும்புப் பீரங்கிகள். உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றினால் ஒரே மாதிரி எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் வார்ப்பிரும்பு நொறுங்கும் தன்மையுள்ளது, முன்னறிவிப்பின்றி வெடித்துவிடும்.

தஞ்சை கீழவாசல் பீரங்கிமேட்டில் கிடப்பது வேறு ரகம், இரும்பை அடித்துச் செய்த பீரங்கி. தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தது. நீளம் சுமார் 25 அடி, எடை சுமார் 22 டன். நீளமான இரும்புப் பட்டைகளைக் குழாய்போல அடுக்கி, பழுக்கக் காய்ச்சிய வளையங்களை மேலே மாட்டியிருக்கிறார்கள். ஆறும்போது வளையம் சுருங்கி, பட்டைகளை இறுக்கிப் பிடிக்கும். கொல்லர்களின் உழைப்பு அசாத்தியமானது!

வேகத்துக்கு வார்ப்புதான், சரி. கைத்திறனுக்கு என் ஓட்டு தஞ்சைக்கே. போனால் வளைய இணைப்புகளைக் கிட்டே நின்று பாருங்கள்.